என்ன மாத்திரை என்று யாருக்கும் தெரியாது

படிவம் என்றாலே எனக்கு ஆகாது. இந்த மலையிலேயே இருக்கிற வெலிங்டனில் ஓர் அலுவலகத்தில் இருபத்தைந்து வருடமாகக் கோப்புகளோடு குப்பை கொட்டுகிறவள் நான். சின்ன எழுத்தில் என்ன ஒளிந்திருக்கும், 'மேற்கண்டவாறு' என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை பேரைச் சுருட்டி வைக்கலாம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கோயம்புத்தூர் மருத்துவமனையில் டாக்டர் ஒரு கட்டுக் காகிதத்தை அக்கா முன்னால் வைத்ததும் அவள் பேனாவைத் தேடினாள். நானோ கட்டோடு எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத்தான் பதில் சொல்வோம் என்றேன். டாக்டர் சிரித்துக்கொண்டே, அதற்காகத்தான் கொடுத்தேன் என்றார். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா கோத்தகிரி பக்கம் அரவேணுவுக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். கணவர் போய் வெகு நாளாயிற்று, பிள்ளைகள் இல்லை, எஸ்டேட் லைன் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். பெருங்குடலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, வெட்டி எடுத்து, பிழைத்தாள் என்று நாங்கள் மூச்சு விட்ட ஆறாவது மாதம் அது ஈரலில் போய் உட்கார்ந்துகொண்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினால் கட்டுப்படும், ஆனால் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதோடு சேர்த்துத் தினமும் சாப்பிடுகிற மாதிரி ஒரு புது மாத்திரையை ஆராய்ச்சியில் கொடுத்துப் பார்க்கிறார்கள், விருப்பம் இருந்தால் சேரலாம் என்றார். அந்தக் கட்டுக் காகிதம் அதற்கான சம்மதப் படிவம்.

இரண்டு நாள் லீவு போட்டு, பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படித்தேன். மருந்து ஏற்றுவது எல்லோருக்கும் உண்டு. அதில் வித்தியாசம் இல்லை. மாத்திரையில்தான் விஷயம். சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. மீதிப் பேருக்கு அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும், உள்ளே மருந்து இருக்காது. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். நோயாளிக்குத் தெரியாது. சரி, போகட்டும். டாக்டருக்கும் தெரியாது என்று எழுதியிருந்தது. அங்கேதான் எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. கொடுக்கிறவருக்கே என்ன கொடுக்கிறோம் என்று தெரியாத வைத்தியத்தை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் குடும்பத்தில் காகிதத்தைக் கண்டால் கை நடுங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலத்தில், ஆபீசில் நீட்டிய காகிதத்தில் பெருவிரலை வைத்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்பது கப்பல் ஏறப்போகும்போதுதான் அவருக்கு விளங்கியது; கூடப் பிறந்த தம்பிமார் இரண்டு பேருடைய பேரும் அந்தக் காகிதத்தில் இல்லை. அவர்கள் அந்தக் கரையிலேயே நின்றுவிட்டார்கள். சாகும்வரை அப்பா அவர்களைப் பார்க்கவில்லை. அக்கா அந்தக் கப்பலில் சின்னப் பிள்ளையாக வந்தவள், நான் இந்த மலையில் பிறந்தவள். அப்பாவிடமிருந்து எனக்குச் சந்தேகம் வந்தது, அவளுக்குப் பயம் வந்தது. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியாது.

பென்சிலால் குறித்த கேள்விகளோடு திரும்பிப் போய் டாக்டரைப் பிடித்துக்கொண்டேன். மருந்து கம்பெனி உங்களுக்கு என்ன தருகிறது என்று முகத்துக்கு நேரே கேட்டேன். எதற்காக எங்கள் மாதிரி ஆட்களாகப் பார்த்துச் சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். எல்லா மாதிரி ஆட்களும் இருக்கிறார்கள் என்றார். தனக்கே தெரிந்துவிட்டால், நிஜ மாத்திரை சாப்பிடுகிறவர்களைக் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கையோடு பார்த்துவிடுவேன், அப்புறம் மருந்து வேலை செய்ததா என் நினைப்பு வேலை செய்ததா என்று பிரிக்க முடியாது என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதனாலேயே இன்னும் சந்தேகமாக இருந்தது. யோக்கியமான மனுஷன் என்றால் என் வாய்க்கு இந்நேரம் ஒரு தடவையாவது எரிந்து விழுந்திருக்க வேண்டாமா?

கூடவே ஒரு பெண் இருந்தாள். ஆராய்ச்சியில் சேருகிறவர்களைக் கவனித்துக்கொள்வது, தேதி சொல்வது, வாரம் ஒருமுறை போன் செய்து விசாரிப்பது அவள் வேலை. கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பெண் என்பது பேச்சிலேயே தெரிந்தது. வாய் நிறைய அக்கா போடுவாள். போகும்போதெல்லாம் சாப்பிட்டீங்களாக்கா, பஸ்ல நிக்க வேண்டியதாப் போச்சுங்களாக்கா என்பாள். இவ்வளவு தேன் ஒழுகினால் எங்கேயோ உதைக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அவள்தான் ஒரு பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்துக் காட்டிச் சொன்னாள்:

"வேண்டாம்னு தோணுச்சுன்னா எப்ப வேணாலும் நின்னுக்கலாமுங்க்கா. ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க. வழக்கமான வைத்தியம் பாட்டுக்கு நடக்குமுங்க."

எங்கள் அலுவலகத்தில் 'எப்ப வேணா வாங்க' என்று சொல்கிற ஆள், நாம் போகிற அன்றைக்கு லீவில் இருப்பான். நான் நம்பவில்லை.

மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கோத்தகிரி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது, வேண்டாம் அக்கா, வழக்கமான மருந்தே போதும் என்றேன். நம்மை எலியாக வைத்துப் பார்க்கிறார்கள் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"எனக்கு இருக்கணும் புள்ள. அதுல சேந்தா கொஞ்சம் கூட இருக்கலாம்னா நான் சேந்துக்கிறேன்."

அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டாள். சம்மதம் சொல்வதை வீடியோ எடுத்தார்கள், அது சட்டமாம். கேமராவைப் பார்த்ததும் அக்கா சட்டென்று எழுந்து, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, கைகட்டி நின்று "சம்மதமுங்க ஐயா" என்றாள். உட்கார்ந்தே சொல்லலாம் என்று அந்தப் பெண் எத்தனை சொல்லியும் உட்காரவில்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் எங்களை மடக்கத்தான் இந்தக் கேமரா என்று நான் எனக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

என்னோடு வந்து இரு என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றுவிட்டாள். லைன் வீட்டில் பக்கத்துச் சுவர் தட்டினால் ஆள் வரும், உன் வீட்டில் பகலெல்லாம் பூட்டுதான் துணை என்றாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் அரவேணு போனேன். போனதும் முதல் காரியம், மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணுவது. வெள்ளை மாத்திரை, அதன்மேல் ஒரு எழுத்துக்கூடக் கிடையாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், மோந்து பார்ப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் ஒன்றை எடுத்து, அருவாமனையில் வைத்து இரண்டாகப் பிளந்து நாக்கில் வைத்தேன். லேசாகக் கசந்தது. மருந்து என்றால் இப்படியா கசக்கும், இது ஊரை ஏய்க்கக் கசப்பு கலந்த மாவு என்று அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொன்னேன். அக்காவின் தலையில் சும்மா மாத்திரையைக் கட்டிவிட்டார்கள். கம்ப்யூட்டராம், குலுக்கலாம்! இலவசமாக வருகிற கொழுந்துக்காரிக்கு நிஜ மாத்திரையைக் கொடுப்பார்களா? இதையெல்லாம் அவளிடம் சத்தமாகவே சொன்னேன். இன்னும் ஒரு சின்னக் கோளாறு தெரிந்தால் போதும், உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவேன், அந்த மருத்துவமனை வாசலை மிதிக்க மாட்டோம் என்றும் சொன்னேன். அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த தடவை மருத்துவமனைக்குப் போனபோது அந்தப் பெண் மாத்திரைகளை எண்ணினாள். ஒன்று குறைந்தது. என்ன ஆச்சுங்க்கா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டு, கைதவறி அடுப்புச் சாம்பலில் விழுந்துவிட்டது என்றாள். அவ்வளவு சுளுவாகப் பொய் வந்தது. என்னைக் காப்பாற்றத்தானே சொல்கிறாள் என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது, வெட்கக்கேடு.

மாத்திரையோடு ஒரு குறிப்பேடும் கொடுத்திருந்தார்கள். நாளுக்கு ஒரு பக்கம். மாத்திரை சாப்பிட்டீர்களா, வாந்தி உண்டா, வயிற்றுப்போக்கு எத்தனை தடவை, வாயில் புண் உண்டா, கை கால் தோல் உரிகிறதா, மரத்துப் போகிறதா என்று கேள்விகள் தமிழில் அச்சடித்திருக்கும். எதிரே எழுத வேண்டும். அக்கா ஐந்தாவது வரை படித்தவள். நான் எழுதித் தருகிறேன் என்றதற்கு, என் உடம்பு, நானே எழுதுவேன் என்று வாங்கி வைத்துக்கொண்டாள். அது அவளுக்குப் பெருமையாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் அதைத் திறந்ததேயில்லை. நான் மாத்திரையையும் பார்த்தேன், டப்பா மூடியில் இருந்த எண்ணையும் குறித்து வைத்தேன், அந்தப் பெண் போன் செய்த தேதிகளையும் எழுதி வைத்தேன், நாளைக்கு வழக்கு என்று வந்தால் வேண்டுமே. அக்காவின் உள்ளங்கை கறுத்து, வெடித்து, ஓரமெல்லாம் உரிந்திருந்ததையும் ஒரு நாள் பார்த்தேன். கொழுந்துக் கறை என்றாள். நானும் சரி என்றேன். ஏழு மாதமாகக் கொழுந்து பறிக்காத கையில் ஏது கறை? இத்தனை சந்தேகம் பிடித்த எனக்கு அந்த ஒரு சந்தேகம் மட்டும் வரவில்லை.

நான்காவது தடவை மருந்து ஏற்றிப் பத்து நாள் இருக்கும். அலுவலகத்தில் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரம்மா போன் செய்து, உங்க அக்கா எழுந்திருக்க மாட்டேங்கிறாங்க, கேட்டதுக்கு என்னமோ சம்பந்தமில்லாமப் பேசுறாங்க என்றாள். நான் போய்ச் சேர்வதற்குள் கோத்தகிரிக்குக் கொண்டுவந்து டிரிப் போட்டிருந்தார்கள். நாக்கு தோல் மாதிரி உலர்ந்து கிடந்தது. உதடு முழுக்கப் புண். சேலையை மாற்றியபோதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. நாள்கணக்கில் வயிற்றுப்போக்கு நிற்காமல் போயிருக்கிறது. அங்கிருந்தே ஆம்புலன்ஸில் கோயம்புத்தூர் இறக்கினோம். வழியெல்லாம் நான் அழவில்லை. அந்த டாக்டரையும் அந்தப் பெண்ணையும் என்ன கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். நேற்று வரை வெறும் மாவு என்று சொன்னவள், அந்த ஆம்புலன்ஸில் அதே மாத்திரையை விஷம் என்று முடிவு கட்டியிருந்தேன். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

அன்றும் மறுநாளும் இழுபறி. சிறுநீரகம் இரண்டும் அடங்கிப்போகப் பார்த்தது. மூன்றாம் நாள் காலையில் அக்கா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். அவள் பிழைத்தாள் என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் வந்ததே ஒரு கோபம்! டாக்டரும் அந்தப் பெண்ணும் வார்டுக்குள் வந்ததும், பக்கத்து வீட்டுக்காரம்மா அக்காவோடு கொடுத்தனுப்பிய டப்பாவையும் குறிப்பேட்டையும் பையிலிருந்து எடுத்துக் கட்டில் மேல் போட்டேன். வாரா வாரம் போன் செய்து சாப்பிட்டீங்களா என்று கேட்கத் தெரிந்தது, ஒரு உயிர் வடிந்துகொண்டிருந்தது தெரியவில்லையா என்று கத்தினேன். எல்லாம் இதில் எழுதியிருக்கிறது, படித்துப் பாருங்கள் என்றேன். இன்றைக்கே அந்த ரகசியத்தை உடைத்து என்ன மாத்திரை என்று சொல்ல வேண்டும் என்றேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்தப் பெண் குறிப்பேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து திருப்பினாள். திருப்பத் திருப்ப அவள் முகம் மாறியது. பிறகு அதை என்னிடம் நீட்டினாள். வாந்தி, இல்லை. வயிற்றுப்போக்கு, இல்லை. வாய்ப்புண், இல்லை. தோல் உரிதல், இல்லை. நாளுக்கு நாள், பக்கத்துக்குப் பக்கம், அக்காவின் உருண்டை எழுத்தில் இல்லை, இல்லை, இல்லை. அவள் எழுந்திருக்க முடியாமல் விழுந்ததற்கு முதல் நாள்கூட, கோணிப்போன கையெழுத்தில், இல்லை.

டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஏனம்மா இப்படி எழுதினீர்கள் என்று மெதுவாகத்தான் கேட்டார். அக்கா என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏலாதுன்னு எழுதுனா பேர வெட்டிருவீங்க தானே ஐயா."

டாக்டருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. தோட்டத்தில் காலையில் எல்லோரும் வரிசையில் நிற்கிற இடத்தை அக்கா இன்னும் இலங்கைப் பேச்சில் பிரட்டுக்களம் என்பாள். அங்கே மேஸ்திரி பேர் வாசிப்பார். காய்ச்சல், ஏலாது, முடியவில்லை என்று யாராவது சொன்னால் அன்றைக்குப் பேர் வெட்டு. நாலு நாள் சொன்னால் அந்தப் பேரை வாசிப்பதே நின்றுபோகும். அதனால் எங்கள் பெண்கள் நிறைமாதத்திலும் ஏலும் என்பார்கள், கால் வீங்கி யானைக்கால் போல் இருந்தாலும் ஏலும் என்பார்கள். பதினான்கு வயதிலிருந்து அக்கா அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறாள். குறிப்பேட்டைக் கையில் கொடுத்ததும், இதுவும் அந்த மாதிரி பேர் வாசிக்கிற புத்தகம் என்று எடுத்துக்கொண்டாள். கஷ்டம் என்று எழுதினால் ஆராய்ச்சியிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள், பேர் போனால் மாத்திரை போகும், மாத்திரை போனால் அவள் போவாள்.

டாக்டர் வெகுநேரம் விளக்கினார். இங்கே கஷ்டத்தைச் சொன்னால் பேரை வெட்ட மாட்டோம், மாத்திரையின் அளவைக் குறைப்போம், ஒரு வாரம் நிறுத்தி வைப்போம், வயிற்றுப்போக்குக்கு மருந்து தருவோம், அதற்காகத்தான் அந்தப் புத்தகம் என்றார். என்ன மாத்திரை என்பதை உடைக்கச் சொன்னீர்களே, உயிருக்கு அவசியம் என்றால் உடைக்கலாம், ஆனால் இந்த வயிற்றுப்போக்கு ஏற்றுகிற மருந்தாலும் வரும், எதுவாக இருந்தாலும் செய்யப்போகிற வைத்தியம் ஒன்றுதான் என்று என்னிடமும் சொன்னார். நான் தலையாட்டினேன். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேனா என்று ஞாபகம் இல்லை, கேட்டிருக்க மாட்டேன்.

அவர்கள் போன பிறகு, சாயங்காலம், கஞ்சியை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டே அக்காவைத் திட்டினேன். அவர்களிடம் மறைத்தாய், சரி. என்னிடம் சொல்வதற்கு என்ன கேடு? வாரா வாரம் எதிரில் வந்து உட்கார்ந்தேனே, நான் உன் தங்கச்சிதானே, நானா பேரை வெட்டப் போகிறேன் என்றேன். அவள் வாயிலிருந்த கஞ்சியை விழுங்க முடியாமல் விழுங்கினாள்.

"அவங்க வெட்டுனா கையில கால்ல விழுந்து கேட்டுக்கலாம்னு இருந்தேன். நீ வெட்டுனா நான் யாருகிட்டப் போய்க் கேக்கிறது?"

ஒரு சின்னக் கோளாறு தெரிந்தால் போதும் என்று நான் அடுப்படியில் நின்று சவால் விட்டதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. மருத்துவமனை எங்களிடம் எதை மறைக்கிறது என்று நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிய நாளெல்லாம், அவள் எனக்குப் பயந்து உடம்பை மறைத்திருக்கிறாள். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுக்கக்கூடத் தெம்பில்லாமல் படுத்திருந்தாள்.

ஆராய்ச்சியில் நீடிப்பதா வேண்டாமா என்பதை அவளையே சொல்லச் சொன்னார்கள். இருக்கிறேன் என்றாள். மாத்திரையைச் சில வாரம் நிறுத்தி, பிறகு குறைந்த அளவில் தொடங்கினார்கள். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அந்த டாக்டர் மேல் சந்தேகம் முழுசாகத் தீரவில்லை. அந்த மருந்து கம்பெனியை நான் இன்றைக்கும் நம்பவில்லை. அது நிஜ மாத்திரையா சும்மா மாத்திரையா என்று இப்போதும் யாருக்கும் தெரியாது. தெரியாததோடு இருக்கப் பழகிக்கொண்டேன் என்றும் சொல்ல மாட்டேன். வாயை மட்டும் கட்டிக்கொண்டேன்.

மீண்டும் தொடங்கிய முதல் தடவை, அந்தப் பெண் ஒரு சின்ன அறையில் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் புதுக் குறிப்பேட்டை விரித்தாள். இந்த வாரம் வயிற்றுப்போக்கு எத்தனை தடவைங்க்கா என்று கேட்டாள். அக்கா பதில் சொல்வதற்கு முன் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள். கொழுந்து பறிக்கிற இடத்தில் பெண்கள் மேஸ்திரி வருகிறாரா என்று நிமிர்ந்து பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

நான் எழுந்து வெளியே வந்தேன். கதவைச் சாத்திவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பிறகு அக்கா சொல்ல ஆரம்பித்தது கதவு வழியாகக் கேட்டது. வாய்ப்புண் ஆறிவிட்டது ஆனால் உப்பு பட்டால் எரிகிறது. விரல் நுனியில் ஊசி தெரியவில்லை, கோர்க்க முடியவில்லை. இரவில் பாதம் நெருப்பாகக் காய்கிறது. ஒரு நாள் ஐந்து தடவை போனது, ஒரு நாள் வழியிலேயே போய்விட்டது. சாகப் பயமாக இருக்கிறது, விடியற்காலையில் கூடுதலாகப் பயமாக இருக்கிறது. அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் அப்புறமுங்க்கா, அப்புறமுங்க்கா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். அதில் ஒன்றைக்கூட அவள் என்னிடம் சொன்னதில்லை.